அப்பாவின் சிடிசியில் எண்ணிய நாட்கள்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், வங்கிக்கு ஒரு சான்று வேண்டுமென்று அம்மா தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மேலே மடித்து வைத்த பாய்லர் சூட். எத்தனை முறை துவைத்திருந்தாலும் அதில் டீசல் வாடை இருந்தது. அதற்கடியில், பிளாஸ்டிக் உறையில், ரப்பர் பேண்ட் போட்டு மூன்று சிடிசி.

கப்பல்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு சிடிசி என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வணிகக் கப்பலில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் பணிப் புத்தகம் அது. பாஸ்போர்ட் மாதிரி இருக்கும். ஒரு கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதில் பதிவு விழும். கப்பலின் பெயர், என்ன வேலை, எந்தத் துறைமுகத்தில் சைன் ஆன், எந்தத் துறைமுகத்தில் சைன் ஆஃப், தேதி, கேப்டனின் கையெழுத்து, முத்திரை. பழைய புத்தகங்களில் நடத்தைக்கும் திறமைக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. அப்பாவின் எல்லாக் கட்டங்களிலும் 'வெரி குட்' என்றே இருந்தது. வீட்டில் ஒரு நாளும் அவர் அதைக் காட்டியதில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு நோட்டை எடுத்து, முதல் பதிவிலிருந்து நாட்களைக் கூட்ட ஆரம்பித்தேன். 1981 பிப்ரவரியில் சாதாரண டெக் ஆளாக முதல் கப்பல். 2008 நவம்பரில் டெக் ஆட்களின் தலைவரான பாசனாகக் கடைசி இறக்கம். ஏறத்தாழ 27 ஆண்டு 9 மாதம். அதில் கப்பலில் கழிந்தவை 7,043 நாள், அதாவது 19 ஆண்டுக்கு மேல். நான் பிறந்த 1984 மார்ச்சில் அப்பா ஒரு இரும்புத்தாதுக் கப்பலில் இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் விசாகப்பட்டினத்தில் சைன் ஆஃப். என்னை முதன்முதலாகத் தூக்கியபோது எனக்கு ஐந்து மாதம் தாண்டியிருந்தது என்பதை அந்தப் பக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. வெளியூரில் இருக்கிற எல்லோரும் எப்படியாவது வந்து சேர்கிற நாள். அந்த 27 ஆண்டில் அப்பா எத்தனை திருவிழாவுக்கு ஊரில் இருந்தார் என்று தேதிகளை வைத்துப் பார்த்தேன். ஆறு.

ஊரில் எங்கள் வீட்டுக்குக் 'கப்பல்காரர் வீடு' என்று பெயர். அந்தப் பெயரில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும். வெளிநாட்டு சோப்பு, கை வாட்ச், டேப் ரிக்கார்டர், இவற்றை வைத்தே கப்பல் வேலையை ஊர் அளந்தது. நானும் அப்படித்தான் அளந்தேன். பெட்டியில் என்ன வந்தது என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெட்டி வர எத்தனை நாள் எத்தனை மணி நேரம் துரு சுரண்டினார் என்று கேட்டதில்லை. 35 வயதில், அவர் இல்லாதபோது, அது தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருக்கிற ஓய்வுபெற்ற கப்பல்காரர்களைத் தேடிப் போய்ப் பேச ஆரம்பித்தேன். இப்போது 19 பேரிடம் பேசியிருக்கிறேன். முதல் நான்கைந்து பேரிடம் நான் கேட்ட கேள்விகள் எல்லாமே தவறு. "எந்தெந்த நாடு போயிருக்கீங்க மாமா?" என்று கேட்டால் ஜப்பான், பிரேசில், ரோட்டர்டாம் என்று ஒரு பட்டியல் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பலர் அந்த நாடுகளில் பார்த்ததெல்லாம் நிலக்கரிக் குவியலும் கிரேனும்தான். கப்பல் ஒரு நாள் நிற்கும், இறங்க நேரம் கிடைக்காது.

ஆறாவதாகப் பேசியவர் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் ஆயிலராக இருந்தவர். அவரிடம் தற்செயலாக, "உங்க வாட்ச் எந்த நேரம் மாமா?" என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பலில் வாட்ச் என்றால் வேலை முறை நேரம். அவருக்குப் பன்னிரண்டு-நாலு வாட்ச். நள்ளிரவு 12 முதல் 4 வரை, மறுபடி பகல் 12 முதல் 4 வரை. வளைகுடாப் பக்கம் போனால் எஞ்சின் ரூம் 45 டிகிரியைத் தாண்டும். உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டு நிற்பார்களாம். விடிகாலை நாலு மணிக்கு மேலே வந்து டெக்கில் காற்றில் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார். அவருக்கு இடது காது கேட்காது. எஞ்சின் இரைச்சல் எடுத்துக்கொண்டது. நான் முதல் நாள் இடதுபக்கம் உட்கார்ந்திருந்ததால் பாதிக்கு அவர் பதில் சொல்லவில்லை. எஞ்சின் பக்கம் வேலை பார்த்தவர்களிடம் பேசப் போகிறவர்கள் எந்தக் காது கேட்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

இன்னும் சில கேள்விகள் அப்படி வேலை செய்தன. முதல் கப்பலில் யார் வேலை சொல்லிக்கொடுத்தார்? கப்பலில் யார் சமைத்தது, சோறு எப்படி இருந்தது? வீட்டில் ஒரு சாவு நடந்தபோது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கடைசிக் கேள்வியை மூன்றாவது நான்காவது சந்திப்புக்கு முன்னால் கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் தந்தி முதலில் கப்பல் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கப்பலுக்குப் போக வேண்டும். கடிதமென்றால் கேப்டன் பெயருக்கு, அடுத்த துறைமுகத்து ஏஜென்ட் விலாசத்துக்கு எழுத வேண்டும். கப்பல் போகிற இடம் மாறிவிட்டால் கடிதம் பின்னாலேயே துறைமுகம் துறைமுகமாக அலையும். ஒருவர் தன் தாயின் அடக்கம் முடிந்து 24 நாள் கழித்து, ஒரே உறையில், அவள் நோயில் கிடக்கிறாள் என்ற கடிதத்தையும் இறந்துவிட்டாள் என்ற கடிதத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

பேசியவர்களில் மூன்று பேர், தங்களோடு வேலை பார்த்தவர் மூடிய அறையில் இறந்ததைச் சொன்னார்கள். இதை நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் கரையில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கப்பலின் காலி டேங்க், சங்கிலி வைக்கிற அறை, நிலக்கரியோ மரமோ ஏற்றிய கிடங்கு, இவற்றில் ஆக்சிஜன் குறைந்துபோகும். இரும்பு துருப்பிடிப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது. இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். விழுந்தவரைக் காப்பாற்ற மேலே நிற்பவர் பதறி இறங்குவார், அவரும் விழுவார். அப்பா ஒரு தடவை இறங்கப் போன ஆளின் காலரைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்து நிறுத்தியதாக அவரோடு வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி சொன்னார். உள்ளே விழுந்து கிடந்தவரை மூச்சுக்கருவி மாட்டி ஆள் இறங்கி எடுத்தபோது உயிர் இல்லை. அறை வாங்கியவர் இன்று பேரன் பேத்தியோடு இருக்கிறார். அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. சில கப்பல் பயணம் முடிந்து வந்தால் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பார். அதற்கெல்லாம் என்ன காரணம் இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

காகித விஷயத்துக்கு வருகிறேன். இதில் நாங்கள் பட்ட பாடு மற்ற வீடுகளுக்கு வேண்டாம். கப்பல் தொழிலாளர்களுக்கென்று தனியாக 1966-ல் சேமநல நிதிச் சட்டம் வந்தது. அதன் அலுவலகம் மும்பையில். வயதான கப்பல்காரர்களுக்கும் விதவைகளுக்கும் உதவுகிற நலநிதிச் சங்கமும் உண்டு. இவை இருப்பதே பல வீடுகளில் பெண்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, அப்பா 1981-ல் எழுதிக்கொடுத்த படிவத்தில் வேறு மாதிரி. இருவரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க நான்கு மாதம் போனது. அப்பா கடைசியாக வேலை பார்த்த கம்பெனி என் கடிதங்களுக்கு ஆறு மாதம் பதில் போடவில்லை. பதிவுத் தபாலில், சிடிசி எண்ணும் கப்பலின் ஐஎம்ஓ எண்ணும் குறிப்பிட்டு எழுதிய பிறகே பதில் வந்தது. கப்பலின் பெயர் விற்கும்போதெல்லாம் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மட்டும் அந்தக் கப்பல் உடைபடும் வரை மாறாது. ஆகவே கப்பலில் ஆள் இருக்கிற வீட்டில் ஒரு கோப்பு போடுங்கள்: சிடிசியின் எல்லாப் பக்கங்களின் நகல், இன்டாஸ் எண் (கப்பல் ஊழியர்களின் தேசியப் பதிவு எண்), வேலை ஒப்பந்தத்தின் நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, கப்பலின் ஐஎம்ஓ எண், ஆளனுப்பிய கம்பெனியின் உரிம எண். வாரிசு நியமனத்தில் பெயர் எழுத்து எழுத்தாகச் சரியா என்று அவர் விடுமுறையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். சாவைப் பற்றிப் பேசுவதாக நினைத்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலைக்குப் போக நினைக்கும் பையன்களுக்கும் இதிலேயே ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் இருக்க வேண்டும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தர ஆளிடம் பணம் வாங்குவது சட்டப்படி தவறு. எங்கள் தெருவில் ஒரு பையன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கட்டி, சம்பளம் வராத ஒரு பழைய கப்பலில் நங்கூரத்தில் எட்டு மாதம் கிடந்துவிட்டுத் திரும்பினான். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே கைவிடப்பட்டதாகக் கருதி, ஊர் திரும்பும் செலவையும் நான்கு மாதம் வரையான சம்பளத்தையும் காப்பீட்டிலிருந்து கோரலாம் என்று 2017 முதல் பன்னாட்டு விதி இருக்கிறது. அது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை. கப்பலில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் காப்பீட்டுச் சான்றை ஏறிய முதல் நாளே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

நிலுவை விஷயமாக 2023-ல் மும்பை போனேன். அங்கே மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்திய மாலுமிகள் இல்லம் இருக்கிறது. கப்பல் கிடைக்க ரோஸ்டரில் பெயர் போட்டுவிட்டு அப்பா மாதக்கணக்கில் காத்துக் கிடந்த இடம். அந்த வளாகத்தில் முதல் உலகப் போரில் கடலில் இறந்த இந்திய மாலுமிகள் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு நினைவிடம் உண்டு. இரண்டாம் போரில் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். அவர்களின் பெயர்கள் ஒரு புத்தகமாக அங்கே இருக்கின்றன. அதே பெயர்களோடு இன்னொரு புத்தகம் வங்கதேசத்தின் சட்டோகிராமில். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கடற்படைக்காரர்கள் இல்லை. சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர்கள், சமைத்தவர்கள், டெக் கழுவியவர்கள். நீர்மூழ்கிகள் குறிவைத்ததே அவர்கள் ஓட்டிய கப்பல்களைத்தான். கல்லறை கிடையாது, கடலில் போனவர்கள். அந்த முற்றத்தில் அப்பா தினமும் நடந்திருப்பார். நின்று பார்த்தாரா என்று கேட்க இப்போது வழியில்லை.

எங்கள் ஊருக்குக் கப்பல் என்றால் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியவர். துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளில் பேச்சுப்போட்டி நடத்துகிறோம். 22 ஆண்டு ஆசிரியராக இருந்தும், காலியாவின் கொதிகலனுக்குக் கரி போட்டவர் யார், சுக்கான் பிடித்தவர் யார் என்று ஒரு பிள்ளையையும் யோசிக்க வைக்கவில்லை நான். கப்பலை வாங்கியவரை நினைக்கிற நாளில் ஓட்டியவர்களையும் நினைத்திருக்கலாம்.

அந்த நினைப்பில்தான் பள்ளியில் ஏப்ரல் 5 நிகழ்ச்சி வைத்தேன். அது தேசியக் கடல்சார் நாள். 1919-ல் அதே தேதியில் சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியதை வைத்து, 1964 முதல் கொண்டாடுகிறார்கள். முதல் ஆண்டு நான் செய்தது வழக்கமான விழா. மேடை, பொன்னாடை, நான்கு பேச்சாளர்கள், இரண்டு மணி நேரம். பேசியவர்களில் கப்பலில் போனவர் ஒருவர்கூட இல்லை. எட்டுக் கப்பல்காரர்கள் வெயிலில் நாற்காலியில் கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆயிலர் மாமா பாதியில் எழுந்து போய்விட்டார். ஒலிபெருக்கி அவருக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டிருக்கிறது. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பிள்ள, எனக்குச் சால்வை எதுக்கு? நாலு பிள்ளையளக் கூட்டிட்டு வா, நான் பேசுதேன்" என்றார்.

மறு ஆண்டு மேடை இல்லை. வகுப்பறையில் வட்டமாகப் பெஞ்சு போட்டோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் துரு தட்டும் சுத்தியல் கொண்டுவந்தார். ஒருவர் கயிறு. சீஃப் குக்காக இருந்தவர் தன் கையால் எழுதிய சமையல் நோட்டு. அலையில் கப்பல் உருளும்போது குழம்புச் சட்டி கவிழாமல் அடுப்பில் கம்பி போட்டு இறுக்குவதை வரைந்து காட்டினார். தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்த ஒரு பாட்டையாவும் வந்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போனவர். கச்சான் காற்று எப்போது எழும், கொண்டல் காற்று எப்போது திரும்பும் என்று அவர் சொன்னதை ஜிபிஎஸ் பார்த்து ஓட்டியவர்கள் வாய் திறக்காமல் கேட்டார்கள். பிள்ளைகள் ஒற்றைக் கையால் பௌலைன் முடிச்சுப் போடப் பழகினார்கள். 40 நிமிடம் என்று திட்டமிட்டது மூன்று மணி நேரம் போனது. பிறகு பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஒரு கப்பல்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய சிடிசியைப் பார்த்து, அவர் போன வழியை உலகப் படத்தில் வரைந்து, படத்தை அவர் வீட்டிலேயே ஒட்டிவிட்டு வந்தார்கள். செலவு படத்துக்கு மட்டும்தான். ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, கூட்டத்தைச் சின்னதாக வையுங்கள், மைக் வேண்டாம், கப்பல்காரரின் மனைவியையும் கூப்பிடுங்கள். பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பையன் இப்போதும் கப்பலில் ஃபிட்டர். 2020-ல் அவன் ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியவில்லை. உலகம் முழுக்க ஏறத்தாழ 4 லட்சம் பேர் அப்படி ஒப்பந்தம் தாண்டிக் கப்பலிலேயே கிடந்தார்கள். பல துறைமுகங்கள் ஆளை மாற்ற விடவில்லை. நமக்கு அரிசியும் எண்ணெயும் மருந்தும் அவர்கள் கையால் வந்துகொண்டேதான் இருந்தன. அவன் பதினைந்தாம் மாதம் இறங்கினான். அவன் அம்மா ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வார்த்தையாக "எப்ப வருவ?" என்று கேட்பார். ஒரு நாள் அவனே என்னிடம் சொன்னான்: "அக்கா, அதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்ல. அம்மாகிட்ட வேற எதாவது பேசச் சொல்லுங்க." அதன் பிறகு அவர் தெருவில் யார் வீட்டில் பூனை குட்டி போட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கப் பழகினார். வீட்டுக் கடன், சண்டை, நோய், இவற்றை வாட்ச்சுக்குப் போகும் முன் சொல்லாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான். மனம் அலைகிற நேரத்தில்தான் கை கயிற்றில் சிக்கும். இழுவிசையில் இருக்கும் கயிறு அறுந்தால் ஆளையே வெட்டிவிடும் வேகத்தில் திரும்பி வரும்.

கடைசியாக அம்மாவிடம் என் கணக்கைச் சொன்னது. பல வருடம் சொல்லாமல் இருந்தேன், வருத்தப்படுவாள் என்று. போன தவக்காலத்தில் ஒரு மத்தியானம் நோட்டை விரித்து வைத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னட்டி எண்ணிக்கிட்டு இருக்க?"

சொன்னேன். 7,043 நாள். ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். சைன் ஆன் தேதி, சைன் ஆஃப் தேதி, கழித்தால் இவ்வளவு.

அவள் கொஞ்ச நேரம் விரலால் அந்த எண்களைத் தடவிக்கொண்டிருந்தாள். "தப்பு" என்றாள்.

"இது கேப்டன் போட்ட தேதி. உங்க அப்பா வீட்ட விட்டு இறங்குனது அதுக்கு ரெண்டு மாசம் முன்ன. பம்பாயில கப்பலுக்குக் காத்துக் கெடந்தாவல்லா? இதுல அது எங்க இருக்கு?"

உள்ளே போனாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். மணியார்டர் வந்த கணக்கு எழுதுகிற நீளமான கணக்கு நோட்டு, அட்டை போய் நூல் தெரிந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் மேலே ஒரு வரி இருந்தது. இன்ன தேதி, இன்ன ரயில், கிளம்புனாவ. கீழே வேறு மையில், வந்தாவ.

என் பேனாவை வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "மொதல்ல இருந்து எழுது. நான் வாசிக்கேன்."

1981, ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை என்று வாசிக்க ஆரம்பித்தாள்.